மூத்தம்மாவின் இழுவையும் கொன்வேர்ட் பண்ணின பிளக்இன்னும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கம்பியூட்டரை வைத்துப் பாட்டு ரெக்கோர்ட் பண்ணுகிற தம்பிமாருக்கும், தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாட்டார் பாடல் பழக்குகிற ஆசிரியர்களுக்கும்தான் முதலில் எழுதுகிறேன். மற்றவர்கள் நேரம் கிடைத்தால் வாசியுங்கள்.

போன கிழமை கஸீதாக் குழு வைத்திருக்கிற ஒரு தம்பி வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "சேர், பழைய 32 பிட் பிளக்இன் ஒண்டு இரிக்கி. புது லெப்டொப்ல ஏறுதில்ல. கொன்வேர்ட் பண்ணலாமா?" பண்ணலாம் என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் பண்ணினால் என்ன நடக்கும், பத்துப் பதினைந்து வருடம் கழித்து என்ன நடக்கும் என்பதை வட்ஸ்அப்பில் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. ரெக்கோர்டிங் மென்பொருள் என்பது வெறும் வீடு. குரலுக்கு எக்கோ போடுவது, இரைச்சலைக் குறைப்பது, சத்தத்தைச் சமப்படுத்துவது எல்லாம் அதற்குள் பூட்டுகிற தனித்தனிச் சாமான்கள். அவைதான் பிளக்இன். பெயரிலேயே பிளக் இருக்கிறது, சிக்கலும் அதேதான். நமது வீடுகளில் உருண்டைக் கால் பிளக்கும் சதுரக் கால் பிளக்கும் கலந்து கிடக்கிறதல்லவா? கட்டாரில் இருந்து கொண்டுவந்த அயன்பொக்ஸைச் சுவரில் செருக முடியாமல் அடெப்டர் தேடாத வீடு நமது ஊரில் உண்டா?

பிளக்இன்னிலும் அதே கதை. ஜேர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1996 இல் விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. மைக்ரோசொப்ட் பக்கம் டைரக்ட்எக்ஸ் என்று இன்னொன்று. பிறகு அப்பிள் பக்கம் ஓடியோ யூனிட்ஸ் என்று வேறொன்று. ஒன்றுக்குச் செய்தது மற்றதில் ஏறாது. ஏ.ஆர். ரஹ்மான் பாவிக்கிறார் என்று நமது பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிற லாஜிக் மென்பொருளைச் செய்தது எமாஜிக் என்ற ஜேர்மன் கம்பனி. 2002 இல் அப்பிள் அதை வாங்கியது. விண்டோஸுக்கான லாஜிக் அதோடு நின்றது, மெக்கில் வந்த பிந்திய லாஜிக்குக்குள் விஎஸ்டிக்கும் இடமில்லாமல் போனது. காசு கொடுத்து விஎஸ்டி வாங்கி வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? அடெப்டர் தேடினார்கள். லண்டனில் எஃப்எக்ஸ்பேன்ஷன் என்ற நிறுவனம் இப்படியான அடெப்டர்களைச் செய்து விற்றது. விஎஸ்டியை டைரக்ட்எக்ஸ் மாதிரிக் காட்டுகிற ஒன்று, ஓடியோ யூனிட் மாதிரிக் காட்டுகிற இன்னொன்று.

"காட்டுகிற" என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். கொன்வேர்ட் என்று வாயால் சொல்கிறோமே தவிர, பிளக்இன்னுக்குள் ஒரு எழுத்தும் மாறுவதில்லை. அதன் மேல் ஓர் உறை போடப்படுகிறது. மென்பொருள் உறையோடு பேசும், உறை உள்ளே இருக்கிறதோடு பேசும்.

இனி எங்கள் கதை.

என் சாச்சியின் மகன், எனக்குக் காக்கா முறை. இப்போது கட்டாரில் இருக்கிறார். 2008 இல், அறுகம்பேயில் புதிய பாலம் திறந்த அந்த வருடம், அவரிடம்தான் எங்கள் குடும்பத்தின் முதல் கம்பியூட்டர் இருந்தது. ஒரு மைக், இரண்டு மெத்தை, சுவரில் முட்டை அட்டை. அவ்வளவுதான் ஸ்டூடியோ. அவரிடம் இருந்த மென்பொருள் டைரக்ட்எக்ஸ் மட்டும் ஏற்கும். இலவசமாகக் கிடைத்த நல்ல பிளக்இன்களோ விஎஸ்டி. ஆகவே ஓர் அடெப்டரால் நான்கு பிளக்இன்களை மாற்றி எடுத்து வைத்திருந்தார். இலவசப் பிளக்இன்தான், களவு இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு நமது தம்பிமாரில் பலர் பாவிப்பது கிரெக் பண்ணினது. அல்லாஹ்வைப் புகழ்கிற கஸீதாவுக்கு அடுத்தவன் உழைப்பைக் களவெடுத்து எக்கோ போடுவது எந்தக் கணக்கில் சேரும் என்று அவர்களே யோசிக்கட்டும்.

அந்தக் கம்பியூட்டரில் அவர் எங்கள் மூத்தம்மாவின் குரலைப் பதிந்தார். உம்மாவைப் பெற்ற மூத்தம்மா. களை பிடுங்கும்போதும், நெல் குத்தும்போதும், பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போதும் பாடுகிற கவி அவருக்குக் கணக்கில்லாமல் தெரியும். எழுத வாசிக்கத் தெரியாது. மூன்று பாட்டுப் பாடினார். அடுத்த வருடமே மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும்.

அந்த மூன்று பாட்டும் எம்பி3 ஆக மாறி, புளூடூத்தில் போனுக்குப் போன் பாய்ந்து, ஊரில் பாதிப் பேரிடம் போய்ச் சேர்ந்தது. உங்களில் பலரிடம் இப்போதும் இருக்கும். கேட்டவர்களுக்குத் தெரியும். பள்ளிவாசல் குபாவுக்குள் நின்று பாடுவது போல ஒரு எக்கோ. வரிக்கு வரி ஒரு நிறுத்தம்.

நான் பாடசாலையில் நாட்டார் பாடல் பழக்கத் தொடங்கியபோது பிள்ளைகள் அந்த எம்பி3ஐக் கேட்டுத்தான் வந்தார்கள். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் கத்தியால் வெட்டியது போல நிறுத்துவார்கள். ஒரு சின்னப்பிள்ளை, நிறுத்திய பிறகு அந்தச் சொல்லை மெல்லிய குரலில் இன்னும் இரண்டு தரம் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "அப்படித்தான் சேர் அதுல வருது" என்றாள். எக்கோவையும் பாட்டின் ஒரு பகுதி என்று பழகியிருக்கிறாள். சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு சந்தேகமும் வந்தது. வயலில் நின்று கவி பாடுகிறவர்கள் வரியின் கடைசியை இழுத்துத்தான் விடுவார்கள், அக்கரைக்குக் கேட்க வேண்டுமே. பரணில் காவல் இருந்த எங்கள் மூத்தாப்பா பாடி நான் கேட்டிருக்கிறேன். மூத்தம்மா மட்டும் ஏன் வெட்டி வெட்டிப் பாடினார்?

காக்காவிடம் கேட்டு அவருடைய பழைய ஹாட் டிஸ்க்கில் இருந்து மூலக் கோப்புகளை எடுத்தேன். அதே மென்பொருளின் புதிய பதிப்பில், என் 64 பிட் லெப்டொப்பில் திறந்தேன். குரல் வந்தது. பிளக்இன் நான்கும் வரவில்லை. நான்கு இடத்திலும் "காணவில்லை" என்று ஒரு வெற்றுப் பெட்டி.

பிளக்இன் எதுவும் இல்லாமல் மூத்தம்மாவின் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். முதலில் ஜெனரேட்டர் சத்தம். கடகடவென்று தொடர்ந்து. அதன் மேலே அவருடைய குரல், பக்கத்தில் இருந்து பேசுவது போல. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இழுவை இருந்தது. இரண்டு விநாடி, சில இடங்களில் மூன்று விநாடி. சத்தம் குறைந்து குறைந்து, மூச்சு முடியும்வரை போகிறது. ஜெனரேட்டர் சத்தத்துக்குக் கீழே போன பிறகும் காதைக் கூர்மையாக்கினால் கேட்கிறது. அவர் எதையும் வெட்டவில்லை.

வெட்டியது பிளக்இன். நொய்ஸ் கேட் என்று ஒன்று இருக்கிறது. கேட் என்றால் படலைதான். சத்தம் ஓர் அளவுக்கு மேலே இருந்தால் படலை திறக்கும், குறைந்தால் சாத்தும். பாடாத நேரத்தில் வருகிற இரைச்சலை மறைப்பதற்கு நல்ல சாமான். ஜெனரேட்டர் பெரிய சத்தம் என்பதால் காக்கா படலையை உயரத்தில் கட்டியிருக்கிறார். மூத்தம்மாவின் இழுவை அந்த உயரத்துக்குக் கீழே வந்ததும் படலை பட்டென்று சாத்திவிட்டது. அந்த வெட்டுத் தெரியாமல் இருக்கத்தான் மேலே அவ்வளவு எக்கோ. கட்டாருக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். "வேற என்ன செய்யிற தம்பி, அண்டைக்குக் கரண்ட் இல்ல. பக்கத்து கெஸ்ட்ஹவுஸ் ஜெனரேட்டர்ல வயர் இழுத்துத்தான் கம்பியூட்டரே ஓடின" என்றார். அவர் செய்ததில் எனக்குக் குறை இல்லை. அன்றைக்கு அவர் பதியாவிட்டால் இன்றைக்குப் பேச ஒன்றுமே இருந்திருக்காது.

சரி, வெறும் குரலையே பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமே என்று நினைப்பீர்கள். காட்டினேன். வீட்டில்தான் பிரச்சினை. உம்மா கேட்டுவிட்டு, "இது உம்மாட குரல் மாதிரி இல்லையே" என்றார். பதினைந்து வருடமாக அந்த எக்கோவோடு கேட்டுக் கேட்டு, அந்த எக்கோதான் அவருக்குத் தாய். காக்காவும் அதே கருத்து. ஆகவே எனக்குத் தேவைப்பட்டது இதுதான்: எக்கோ அப்படியே இருக்க வேண்டும், படலை மட்டும் போக வேண்டும். அதற்கு அந்த எக்கோ பிளக்இன்னின் அளவுகள் வேண்டும். அவை அந்த வெற்றுப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன.

இங்கேதான் கொன்வேர்ட் பண்ணுவதின் உண்மையான தொல்லை. தம்பிமார் கவனமாக வாசியுங்கள்.

முதல் பிரச்சினை 32க்கும் 64க்கும் இடையில். 64 பிட் மென்பொருளுக்குள் 32 பிட் பிளக்இன்னை நேரடியாக ஏற்ற முடியாது. இதற்குப் பாலம் போடுகிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஜேபிரிட்ஜ் என்பது ஒன்று. ரீப்பருக்குள் அதற்கென்றே சொந்தப் பாலம் ஒன்று கூடவே வருகிறது. பாலம் என்ன செய்கிறது என்றால், 32 பிட் பிளக்இன்னை வெளியே ஒரு தனி வேலையாக ஓடவிட்டு, சத்தத்தைத் துண்டு துண்டாக அங்கே அனுப்பித் திரும்ப எடுக்கிறது. நமக்குப் பாலத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? 2004 சுனாமிக்குப் பிறகு புதிய பாலம் வரும்வரை உல்லைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் நாம் ஊர்ந்த ஊர்வு மறக்குமா? கடக்கலாம், ஆனால் மெதுவாக. பிளக்இன் பாலத்திலும் ஒரு சின்னத் தாமதம் சேரலாம். 512 சாம்பிள் அளவுத் துண்டு என்றால், 44,100 வேகத்தில் கிட்டத்தட்ட 12 மில்லி விநாடி. கேட்கும்போது தெரியாது. ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டு பாடுகிற பிள்ளைக்குத் தெரியும், தாளம் தடுமாறும். பாடும்போது பாலத்தில் ஏறின பிளக்இன் எதையும் போடாதீர்கள். பாடி முடித்த பிறகு போடுங்கள்.

இரண்டாவதுதான் பெரிய பிரச்சினை. இலவசப் பிளக்இன்னின் மூலக் கோப்பு காக்காவின் ஹாட் டிஸ்க்கிலேயே இருந்தது. பாலத்தின் வழியாக ஏற்றினேன். ஏறியது, திறந்தது. ஆனால் பாட்டுக் கோப்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "காணவில்லை" அப்படியே நின்றது.

காரணம் அடையாள எண். ஒவ்வொரு பிளக்இன்னுக்கும் ஓர் அடையாளம் உண்டு. பாட்டுக் கோப்பு அந்த அடையாளத்தை எழுதி, அதன் கீழே அளவுகளைச் சேமிக்கும். ஆனால் உறை போட்ட பிளக்இன் அறிமுகமாவது உறையின் அடையாளத்தில். நமது அடையாள அட்டை மாதிரி யோசியுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 இல் இருந்து 12 இலக்கம். ஆள் ஒருவர்தான். பழைய எண்ணில் கோப்பு வைத்திருக்கிற அலுவலகத்தில் போய்ப் புதிய எண்ணைச் சொன்னால், கம்பியூட்டர் அப்படி ஒருவர் இல்லை என்றுதான் சொல்லும். என் முன்னால் பிளக்இன் உயிரோடு இருந்தது, கோப்பு தேடியதோ 2008 இன் உறையை. அந்த உறை என் லெப்டொப்பில் இல்லை, அந்தப் பழைய அடெப்டர் அதில் ஓடவும் இல்லை.

மீதி ஒரு வழிதான். சாச்சி வீட்டில் அந்தப் பழைய சிபியூ இன்னும் இருந்தது, தையல் மெசினுக்குப் பக்கத்தில், பெட்ஷீட்டால் மூடி. சாச்சி அதன் மேல் குர்ஆன் பலகை வைத்திருந்தார், ஆகவே இரும்புக்காரருக்குப் போகாமல் தப்பியது. டிசம்பர் விடுமுறை, வெளியே மாரி மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. உப்புக்காற்றில் உள்ளே எல்லாம் துரு. அக்கரைப்பற்றில் ஒரு ரிப்பெயார் கடைத் தம்பி பவர் சப்ளையை மாற்றி, ரேமை இரேசரால் உரசிப் போட்டுத் தந்தார். மூன்றாம் நாள் விண்டோஸ் எக்ஸ்பியின் அந்தப் பச்சைப் புல்வெளி வந்தது.

கோப்பைத் திறந்தேன். நான்கு பிளக்இன்னும் அதனதன் இடத்தில்.

கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. முதல் வேலையாக ஒவ்வொரு பிளக்இன்னையும் திறந்து போனால் போட்டோ எடுத்தேன். பிறகு அளவுகளை எஃப்எக்ஸ்பி என்கிற கோப்பாகச் சேமித்தேன். இந்தக் கோப்பு முக்கியம். உறையின் அடையாளம் இதில் வராது, உள்ளே இருக்கிற மூலப் பிளக்இன்னின் அடையாளம்தான் வரும். ஆகவே உறை இல்லாத இடத்திலும் திறக்கும். மூன்று சேமிபட்டது. நான்காவது மறுத்துவிட்டது, போட்டோவைப் பார்த்து கையால் போட்டேன்.

லெப்டொப்பில் ரீப்பருக்குள் குரலை ஏற்றி, பாலத்தின் வழியாக எக்கோ பிளக்இன்னை ஏற்றி, எஃப்எக்ஸ்பியைக் கொடுத்தேன். அதே குபா எக்கோ. படலையை ஏற்றவே இல்லை. ஆனால் படலை இல்லாவிட்டால் ஜெனரேட்டர் திரும்ப வந்துவிடுமே. அதற்கு ரீப்பரோடு இலவசமாக வருகிற ரீஃபிர் என்ற ஒன்றைப் பாவித்தேன். இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு துண்டை அதற்குக் கேட்கக் கொடுத்தால், அந்த இரைச்சலின் சாயலைப் படித்து, முழுப் பதிவிலும் இருந்து கழித்துவிடும். அதிகம் கழித்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும், ஆகவே பாதியில் நிறுத்தினேன். ஜெனரேட்டர் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. கேட்கட்டும்.

இரைச்சல் மட்டும் இருக்கிற அந்தத் துண்டு எங்கே கிடைத்தது தெரியுமா? முதல் பாட்டுக்கு முன்னால். எம்பி3 இல் அந்தப் பகுதி இல்லை, காக்கா வெட்டிவிட்டார். மூலத்தில் மூத்தம்மா கேட்கிறார்: "மகன், அந்தப் பொடியனுக்கு எண்ணெய்க் காசு குடுத்தயா?" காக்கா: "குடுக்கிற, நீங்க பாடுங்க." பிறகு ஐந்தாறு விநாடி ஒருவரும் பேசவில்லை, ஜெனரேட்டர் மட்டும். மூத்தம்மா யோசித்துக்கொண்டிருக்கிறார் போல. பிறகு பாடுகிறார். அந்த ஐந்தாறு விநாடியைத்தான் ரீஃபிருக்குக் கொடுத்தேன்.

(காசு கொடுத்தாரா என்று போன மாதம் காக்காவிடம் கேட்டேன். ஞாபகம் இல்லையாம். இந்த முறை லீவில் வந்தால் அந்த வீட்டாரைப் போய்ப் பார்க்கிறேன் என்கிறார்.)

தம்பியின் கேள்விக்கு இப்போது முழுப் பதில். கொன்வேர்ட் பண்ணுங்கள், பாலத்தில் ஏற்றுங்கள், நல்ல சாமான் என்றால் விட வேண்டாம். ஆனால் அது நிரந்தரம் என்று நம்பிப் பாட்டை அதற்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அப்பிள் 2019 இல் கெட்டலினாவோடு 32 பிட்டை முற்றாக நிறுத்தியது. ஸ்டைன்பேர்க் 2018 இல் இருந்து விஎஸ்டி 2 இன் கருவிகளைக் கொடுப்பதை நிறுத்தியது. இன்று உங்கள் லெப்டொப்பில் ஓடுகிறதும் ஒருநாள் வெற்றுப் பெட்டிதான். பிளக்இன் போடாத வெறும் குரலை வேவ் கோப்பாகத் தனியாக எடுத்து வையுங்கள். எல்லாம் போட்டு முடித்ததை இன்னொரு வேவாக வையுங்கள். 24 பிட்டில் ஒற்றைக் குரலுக்கு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 எம்பிதான் போகும், ஒரு கலியாண வீடியோவின் தூசிக்கும் காணாது. அளவுகளை ஒரு போட்டோ. முடிந்தால் எஃப்எக்ஸ்பி. இதைத்தான் கல்வியியற் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் வேறு விஷயத்துக்குச் சொல்வார்: பிள்ளையின் விடைத்தாளில் நேரடியாகத் திருத்தாதே, பக்கத்தில் எழுது, பிள்ளை எழுதியது தெரிய வேண்டும் என்று.

பாடசாலையில் இப்போது பிள்ளைகள் புதியதைக் கேட்டுப் பழகுகிறார்கள். இழுவை கஷ்டம். மூச்சுக் காணாது, பாதியில் சிரிப்பு வந்துவிடும். எக்கோ போட்டுப் பாடின அந்தச் சின்னப்பிள்ளைக்குத்தான் முதலில் பிடிபட்டது.

ஒரு வேண்டுகோள். பொத்துவில், உல்லை, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் யாருடைய வீட்டிலாவது மூத்தம்மா, மூத்தாப்பாமாரின் குரல் பதிந்த கெசட் இருந்தால், 2000களில் கவி, கஸீதா, றபான் பதிந்த பழைய சிபியூ இருந்தால், இரும்புக்காரருக்குக் கொடுக்க முன் இன்பொக்ஸில் ஒரு சொல் போடுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. நான் வந்து பார்க்கிறேன், காசு தேவையில்லை, சாமானை உங்கள் வீட்டை விட்டு எடுத்துப் போகவும் மாட்டேன்.

மூத்தம்மாவின் பாட்டு மூன்றையும் கேட்க விரும்புகிறவர்கள் பாடசாலைக்கு வரலாம், பென்ட்ரைவ் கொண்டுவந்தால் போட்டுத் தருகிறேன். எண்ணெய்க் காசு கேட்கிற அந்தத் துண்டு மட்டும் கிடைக்காது. அது வீட்டுக் கதை, எழுதுவதென்றால் எழுது, குரலைக் கொடுக்காதே என்று உம்மா சொல்லிவிட்டார்.